நம் ஊரில் இல்லாத கழுகா?

கேள்வி: ஏப்ரலில் ஸ்பெயின் போகிறோம். மாட்ரிட், பார்சிலோனா என்று முடிவாகிவிட்டது. என் மகனோ காசெரெஸ் மாகாணத்துக்குப் போய் மலையில் நடக்கலாம், கழுகு பார்க்கலாம் என்கிறான். கடல்கூட இல்லாத இடம். நம் ஊரில் இல்லாத கழுகா? – வாசகர், கோவை

பதில்: இல்லாத கழுகுதான், ஐயா. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி ஊசி, செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. இந்தியாவில் வெண்முதுகுப் பாறு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்தது. மிச்சத்தைப் பார்க்க நீங்கள் மாயாற்றுப் பக்கம் போய் அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டும். காசெரெஸின் மொன்ஃப்ராகுவே தேசியப் பூங்காவில் சாலையோரம் நின்று அண்ணாந்தால் போதும். ‘சால்தோ டெல் ஹிதானோ’ என்கிற காட்சிமுனைக்கு எதிரே, தாஹோ ஆற்றின் மறுகரையில், செங்குத்துப் பாறை முழுக்க அந்த ஊர்ப் பாறு கழுகுகள் குடியிருக்கின்றன. வெயில் ஏறிய பிறகுதான் வெப்பக்காற்றைப் பிடித்து மேலே வரும்; ஆகவே விடியலில் எழுந்து ஓட வேண்டாம். கரும்பாறு, கருநாரை, ஸ்பானிய ராஜாளி ஆகியவையும் இந்தப் பூங்காவில் கூடு கட்டுகின்றன.

அந்தக் காடு தானாகத் தப்பவில்லை. 1970களில் காகிதக் கூழுக்காக மலைச்சரிவுகளைப் படிக்கட்டுபோல வெட்டி யூகலிப்டஸ் நட்டார்கள். நீலகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஹெசூஸ் கார்சோன் போன்ற இயற்கை ஆர்வலர்கள் விடாமல் போராடி, 1979-இல் பாதுகாப்பு வாங்கினார்கள். 2007-இல் தேசியப் பூங்கா ஆனது. அதற்காக ஸ்பெயின் அரசை உச்சிமேல் வைக்க மாட்டேன். கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக்கை நாம் 2006-இல் தடை செய்தோம். அவர்கள் எல்லாம் தெரிந்தே 2013-இல் அனுமதித்தார்கள்!

நடப்பதற்கு அதே மாகாணத்தில் ஹெர்தே பள்ளத்தாக்கு இருக்கிறது. ‘லோஸ் பிலோனெஸ்’ என்ற இடத்தில் ஓடை கருங்கல்லைக் குடைந்து தொட்டி தொட்டியாக வைத்திருக்கிறது. மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ பள்ளத்தாக்கின் செர்ரி மரங்கள் பூக்கும். இரண்டு வாரம்தான், பிறகு உதிர்ந்துவிடும். பயணத்தைக் கோடை விடுமுறைக்குத் தள்ளினால் நாற்பது டிகிரி வெயிலில் மகனைத்தான் திட்டுவீர்கள்.

ஸ்பெயினின் இரண்டாவது பெரிய மாகாணம் இது. மக்களோ நான்கு லட்சத்துக்கும் குறைவு. பஸ்ஸை நம்பிப் போகாதீர்கள். மாட்ரிட்டில் வாடகைக் கார் எடுங்கள், பார்சிலோனாவில் மூன்று நாளைக் குறையுங்கள். யோசனை சொன்ன மகனே வண்டியை ஓட்டட்டும்.