சங்கம் சேர்க்கிறவர்களை வேலையை விட்டு நிறுத்தலாமா?

கேள்வி: நுவரெலியாவில் ஹோட்டல் நடத்துகிறேன், 36 பேர் வேலை செய்கிறார்கள். சேர்விஸ் சார்ஜ் பிரிப்பதில் குறை என்று சொல்லி சமையலறைப் பிள்ளைகள் சங்கம் சேர்க்கிறார்கள். முன்னால் நிற்கிற இருவரை ஏப்ரல் சீசன் முடிந்ததும் நிறுத்தலாமா? மற்றவர்களிடம் சங்கத்தில் சேரமாட்டோம் என்று கடிதம் வாங்கலாமா?

பதில்: இரண்டும் கூடாது. முதலில் அந்தக் கடித யோசனையை விடுங்கள். சில வருஷத்துக்கு முன் ஒரு முதலாளி என்னிடம் ஒரு பைலோடு வந்தார். இருபது கடிதம், ஒரே வாசகம், ஒரே திகதி, எல்லாக் கையெழுத்தும் ஒரே நீலப் பேனையில். தன்னைக் காப்பாற்றும் என்று நினைத்துத்தான் கொண்டுவந்தார், ஆனால் அவருக்கு எதிரான ஆகப் பெரிய சாட்சியே அந்த பைல்தான்.

காரணம், கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் 1999ஆம் ஆண்டு சேர்த்த 32அ பிரிவு. சங்கத்தில் சேராதே, விலகு என்று வேலைக்கு நிபந்தனை போடுவது, சங்க வேலை செய்ததற்காக ஆளை நிறுத்துவது, விலகினால் சம்பளம் கூட்டித் தருகிறேன் என்று ஆசை காட்டுவது எல்லாமே அதில் குற்றம். அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையும் சங்கம் அமைக்கிற உரிமையைத் தந்திருக்கிறது. சீசன் முடிந்தது என்ற சாக்கும் நிற்காது. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில், 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்த, ஒன்று அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லை தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். இது 1971ஆம் ஆண்டுச் சட்டம். அதோடு, நிறுத்தப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போகலாம்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. ஹோட்டலின் வரவு செலவு இதுதான், இவ்வளவுதான் முடியும் என்று எல்லோரையும் கூட்டி வெளிப்படையாகச் சொல்லலாம், மிரட்டலும் பேரமும் இல்லாமல். ஏழு பேர் இருந்தாலே சங்கத்தைப் பதிவு செய்ய முடியும், ஆனால் நீங்கள் கட்டாயம் பேசியே ஆகவேண்டும் என்றால் அந்தச் சங்கம் யாருக்காகப் பேசுகிறதோ அந்தத் தொழிலாளரில் 40 வீதத்துக்குக் குறையாதவர்கள் அதில் இருக்க வேண்டும். 36 பேருக்கும் என்றால் 15 பேர். சமையலறைக்கு மட்டும் என்றால் கணக்கு வேறு, அதைக் கவனியுங்கள். எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால் தொழில் திணைக்களத்திடம் கேளுங்கள், யார் யார் சேர்ந்தார்கள் என்று நீங்களே ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம்.

ஆனால் என்னைக் கேட்டால் அந்த 40 வீதம் வரும்வரை காத்திருக்கவே தேவையில்லை. இந்தப் பிள்ளைகளில் பலர் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களாக இருப்பார்கள், அம்மாவின் சம்பளத் துண்டில் மாதாமாதம் சங்கச் சந்தா பிடிபட்டதைப் பார்த்தே வளர்ந்தவர்கள், இரண்டு பேரை அனுப்பிவிட்டால் அவர்கள் சங்கத்தை மறக்கப்போவதில்லை. பிரச்சினை சேர்விஸ் சார்ஜ் கணக்கில் இருக்கிறது. பில்லில் 10 வீதம் என்று போட்டு வாங்குகிறீர்கள், அது எவ்வளவு சேர்ந்தது, உடைந்த பிளேட்டுக்கு எவ்வளவு கழித்தீர்கள், ஆளுக்கு எவ்வளவு போனது என்று ஒரு தாளில்கூட அவர்கள் பார்த்ததில்லை என்றால் சந்தேகம் வரத்தானே செய்யும்?

கடந்த ஆறு மாதக் கணக்கை எடுத்துக்கொண்டு வாருங்கள், கழிவு விபரத்தோடு. அவர்களோடு உட்காருவதற்கு முன் நாம் இருவரும் ஒருமுறை பார்த்துவிடலாம்.