புளியை எப்போது விடுவது? காய்கறிச் சமையல் கேள்வி பதில்

வீட்டில் காய்கறி சமைப்பது பற்றி வந்த கேள்விகளில் பொதுவாகப் பயன்படக்கூடியவற்றை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஆழாக்கு என்று வரும் இடத்தில் சுமார் 170 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய், காரம் எல்லாம் உங்கள் வீட்டு வழக்கப்படி. ஆனால் எதை முதலில் போடுவது, எதைக் கடைசியில் போடுவது என்பதை மட்டும் மாற்றாதீர்கள். ருசி பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

மயிலாடுதுறை: அம்மா, முளைக்கீரை தளதளவென்று வாங்கி வருகிறேன். மசித்ததும் கருத்துப்போகிறது. ஆப்பச் சோடா போட்டால் பச்சையாக இருக்கும் என்கிறார்களே?

சோடா வேண்டாம். நிறம் நிற்கும், ஆனால் கீரையில் இருக்கிற வைட்டமின் சி, பி1 இரண்டும் அதில் அழியும். வாசனையும் கெடும்.

கீரையை மூடி வைத்து வேகவைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கீரை வேகும்போது அதிலிருந்தே கொஞ்சம் அமிலம் வெளியே வரும். மூடி திறந்திருந்தால் ஆவியோடு போய்விடும். மூடியிருந்தால் சொட்டி மறுபடி கீரையிலேயே விழும். பச்சையத்தில் இருக்கும் மெக்னீசியத்தை அந்த அமிலம் விலக்கிவிடுவதால்தான் பழுப்பேறிய பச்சையாக மாறுகிறது. அதனால் வாயகன்ற பாத்திரம், ஒரு கை தண்ணீர், நல்ல சூடு, திறந்த மூடி. இளங்கீரைக்கு ஆறேழு நிமிஷம் போதும். உப்பைக் கடைசியில் போடுங்கள், கீரை வற்றிய பிறகுதான் உண்மையான அளவு தெரியும். அலசிய பிறகு நறுக்குங்கள், நறுக்கிய பிறகு அலசாதீர்கள்.

கீரையிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர எலுமிச்சை உதவும். இறக்கிவைத்த பிறகு அரை மூடி பிழியலாம், அல்லது கூடவே ஒரு நெல்லிக்காய்ப் பச்சடி. சாப்பிட்ட கையோடு காபி குடித்தால் அந்த இரும்புச்சத்து சேருவது குறையும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். டிகிரி காபிக்குப் பேர் போன ஊரிலிருந்து இதைச் சொல்வதற்குத் தைரியம் வேண்டும், சொல்லிவிட்டேன்.

வேதாரண்யம் பக்கம்: சாம்பாரில் காய் எவ்வளவு நேரம் கொதித்தாலும் நறுக் நறுக்கென்றே இருக்கிறது. பருப்பும் சில நாள் குழைவதில்லை. அடுப்பில் கோளாறா?

அடுப்பைக் குறை சொல்லாதீர்கள். இரண்டு காரணம் இருக்கலாம்.

ஒன்று புளி. காயின் திசுக்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பெக்டின் என்கிற பொருள் கரைந்தால்தான் காய் மெத்தென்று ஆகும். புளிப்பு சேர்ந்தால் அது கரைவது தாமதப்படும். ஆகவே முருங்கை, கத்தரி, அவரை எதுவானாலும் வெறும் தண்ணீரில் மஞ்சள்பொடியோடு முக்கால் பதம் வெந்த பிறகு புளிக்கரைசலை விடுங்கள். புளி பச்சை வாசனை போகக் கொதித்ததும் பருப்பு. வெண்டைக்காய்க்கு மட்டும் இதைத் திருப்பிப் போட வேண்டும். வதக்கி நேரே புளித்தண்ணீரில் போட்டால் கொழகொழப்பும் அடங்கும், காயும் உடையாமல் முழுசாக நிற்கும்.

இரண்டாவது, தண்ணீர். கடலோரத்துப் போர்த் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் அதிகம். அவை அதே பெக்டினை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். துவரம்பருப்பைக் குடிக்கிற தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, குடிக்கிற தண்ணீரிலேயே வேகவிட்டுப் பாருங்கள். மழைத்தண்ணீர் பிடித்து வைக்கிற வீடு என்றால் இன்னும் நல்லது.

திருவாரூர்: அக்கா, நான் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறேன். ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு மூணு லிட்டர் குக்கர், அவ்வளவுதான். மிக்ஸி இல்லை. தினமும் ஓட்டலில் சாப்பிட்டு வயிறு கெட்டுப்போச்சு. காய் சேர்த்த மாதிரி ஏதாவது ஒன்று சொல்லுங்கள்.

கூட்டுதான் தம்பி. அது ஒன்று கைக்கு வந்துவிட்டால் வாரம் பூராவும் காயை மாற்றி மாற்றி ஓட்டலாம்.

முதலில் குக்கரில் சோறு வைத்து வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். பல இண்டக்‌ஷன் அடுப்புகளில் சின்னத் தாளிப்புக் கரண்டி வைத்தால் எடுக்காது. அதனால் குக்கரிலேயே தாளித்துவிட வேண்டும். ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, ஒரு வத்தல் மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை. கடுகு வெடித்ததும் கால் ஆழாக்குப் பாசிப்பருப்பைப் போட்டு வாசனை வரப் பிரட்டி, ஒரு ஆழாக்குத் தண்ணீர், மஞ்சள்பொடி. மூடி இரண்டு விசில். ஆவி தானாக அடங்கட்டும்.

இப்போதுதான் காய். புடலங்காய், அவரைக்காய், சுரைக்காய், சௌசௌ எதுவானாலும் 200 கிராம், பொடியாக நறுக்கியது. கொஞ்சம் தண்ணீரும் உப்பும் சேர்த்து, விசில் இல்லாமல் ஒரு தட்டை மேலே வைத்து ஏழெட்டு நிமிஷம். பருப்போடு சேர்த்தே குக்கரில் காயைப் போட்டால் ஒரு விசில் மிச்சமாகலாம், ஆனால் புடலங்காய் கரைந்து எது என்ன காய் என்றே தெரியாமல் போகும். அரை ஸ்பூன் மிளகும் அரை ஸ்பூன் சீரகமும் டம்ளர் அடியால் நசுக்கிப் போடுங்கள். ஒரு கைப்பிடி தேங்காய்த்துருவல் போட்டு ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள். தேங்காய் அதற்குமேல் கொதித்தால் திரிந்த மாதிரி ஆகிவிடும். துருவல் இல்லையென்றால் விட்டுவிடலாம், மிளகு சீரகம்தான் முக்கியம்.

சோற்றில் பிசைந்து சாப்பிடலாம், மிச்சம் இருந்தால் ராத்திரி தோசைக்கு ஆகும். மத்தியானச் சமையலை ராத்திரி வரை வெளியே வைக்காதீர்கள், தேங்காய் போட்டது சீக்கிரம் ஊசிப்போகும்.

திருவையாறு: தோட்டத்தில் வாழைப்பூ வீணாகிறது. ஆய்வதற்கு யாருக்கும் பொறுமை இல்லை. செய்தாலும் ஒரே துவர்ப்பு, கறுப்பு.

ஆற்றங்கரையில் வாழையை வைத்துக்கொண்டு பூவை மாட்டுக்குப் போடுகிறீர்கள் என்றால் எனக்கு வயிறு எரிகிறது.

ஆய்கிற வேலையைப் பாதியாகக் குறைக்கலாம். வெளி மடல்களுக்குள் இருக்கும் முற்றிய பூக்களில்தான் தலை தடித்த நரம்பையும் (கள்ளன் என்று சொல்வோமே), அடியில் ஒட்டியிருக்கும் சவ்வையும் எடுக்க வேண்டும். உள்ளே போகப் போகக் கள்ளனும் இளசாகிவிடும். வெள்ளைக் குருத்தை அப்படியே நறுக்கலாம், எதையும் எடுக்க வேண்டியதில்லை. ஒரு மடல் பூவைச் சேர்த்துப் பிடித்து நுனியைக் கையில் தேய்த்தால் விரிந்து கள்ளன் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும், பத்துப் பூவிலிருந்து ஒரே இழுப்பில் உருவலாம். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், கறை பிடிக்காது. ராத்திரி டிவி பார்த்துக்கொண்டே ஆய்ந்து மோர்த் தண்ணீரில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் காலையில் வேலை இல்லை.

கறுப்பதற்குக் காரணம் நறுக்கிய இடத்தில் காற்றுப் படுவது. மோரின் புளிப்பு அதைத் தடுக்கும், துவர்ப்பையும் கொஞ்சம் இழுக்கும். ஆகவே நறுக்க நறுக்க நேரே மோரில் விழ வேண்டும். எல்லாம் நறுக்கி முடித்த பிறகு போடுவதில் பிரயோஜனம் இல்லை. இரும்புச் சட்டியில் வேகவைக்காதீர்கள், அதுவும் கறுக்கச் செய்யும்.

அப்புறம் உசிலி. துவரம்பருப்பு முக்கால் ஆழாக்கு, கடலைப்பருப்பு கால் ஆழாக்கு, நாலு வத்தல் மிளகாய், ஒரு மணி நேரம் ஊறட்டும். தண்ணீரைச் சுத்தமாக வடித்து, பெருங்காயம், உப்பு சேர்த்துக் கொரகொரவென்று அரையுங்கள். பலர் இதை அப்படியே எண்ணெயில் போட்டுக் கிளறுவார்கள். அது எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருக்கும், அப்படியும் கட்டி தட்டும். இட்லித் தட்டில் வைத்துப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஆவியில் வேகவிட்டு, ஆறியதும் கையால் உதிர்த்தால் இரண்டு ஸ்பூன் எண்ணெயில் பூப்போல வரும். பூவை மோரிலிருந்து பிழிந்தெடுத்து, மஞ்சள்பொடி, உப்போடு தனியாக வேகவைத்து வடித்து, தாளித்ததில் முதலில் பூ, பிறகு பருப்பு. ஒரு பிடி முருங்கைக்கீரையை உருவி, பூவோடு சேர்த்து வதக்கிப் பாருங்கள். அதன் லேசான கசப்பில் பூவின் துவர்ப்பு தெரியாது.

மன்னார்குடி: அப்பாவுக்குச் சர்க்கரை. கிழங்கே கூடாது என்று நிறுத்திவிட்டோம். பதிலுக்கு மாப்பிள்ளைச் சம்பா சோறு போடுகிறோம். சரிதானா?

மருந்து, அளவு எல்லாம் அவருடைய டாக்டர் சொல்வதுதான். சமையல் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

மாப்பிள்ளைச் சம்பா தவிடு போகாத சிவப்பரிசி, நார்ச்சத்து உண்டு, தீட்டிய வெள்ளை அரிசியைவிட நல்லதுதான். ஆனால் அதுவும் அரிசி. பாரம்பரிய அரிசி என்ற பெயரில் வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடச் சாப்பிடுகிற வீடுகளைப் பார்க்கிறேன். அப்படிச் செய்தால் மாற்றியதில் பலன் இல்லை. சேனை, கருணை, உருளை, வாழைக்காய் எல்லாம் மாவுச்சத்து. அவற்றை அறவே நிறுத்துவதைவிட, வைக்கிற அன்றைக்குச் சோற்றைக் குறைத்துவிடலாம். மற்ற நாட்களில் தட்டில் பாதி காயாக இருக்கட்டும். கொத்தவரங்காய், பாகற்காய், வெள்ளைப்பூசணி, வாழைத்தண்டு, கீரை. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் என்கிறது, அதில் கிழங்கைச் சேர்க்காமல். நம் ஊரில் சோற்றுக்கு ஓரமாக வைக்கிற பொரியல் அதில் கால்வாசிகூட வராது.

அதே வாசகி: பிடிகருணை மசியல் செய்தால் நாக்கு அரிக்கிறதே?

கிழங்கில் ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன, அவைதான் குத்துகின்றன. புதுக்கிழங்கில் அரிப்பு அதிகம். வாங்கிக் காற்றாட ஒரு மாதமாவது போட்டுவைத்த கிழங்கை எடுங்கள். தோலோடு, கத்தி சுலபமாக இறங்குகிற வரை வேகவையுங்கள், அரைவேக்காடு கூடாது. பிறகு தோலுரித்து மசித்துப் புளித்தண்ணீரில் கொதிக்கவிட்டு, இறக்கி எலுமிச்சை பிழியுங்கள்.

கும்பகோணம்: பாகற்காயை உப்புப் போட்டுப் பிழிந்தால் சத்துப் போய்விடும் என்கிறார் என் மாமியார். பிழியாவிட்டால் பிள்ளைகள் தொடுவதில்லை.

மாமியார் சொல்வது சரி, கொஞ்சம் போகத்தான் செய்யும். பிழியாமலே பிட்லை வையுங்கள். காயை மெல்லிசாக நறுக்கி, வெந்த கொண்டைக்கடலையோடு மஞ்சள்பொடி போட்டுப் பாதி வேகவிட்டு, புளித்தண்ணீர் விடுங்கள். தனியா, கடலைப்பருப்பு, வத்தல் மிளகாய், கொஞ்சம் மிளகு வறுத்து, தேங்காயையும் சிவக்க வறுத்து அரைத்துவிட்டு, வெந்த துவரம்பருப்பு சேர்த்துக் கெட்டியாக இறக்குங்கள். தேங்காயைச் சிவக்க வறுப்பதில் சோம்பல் படக்கூடாது, பிட்லை வாசனையே அதுதான். சுண்டைக்காய் அளவு வெல்லம். கசப்பு இருக்கும், ஆனால் துருத்திக்கொண்டு நிற்காது. பிள்ளைகள் முதலில் கடலையைப் பொறுக்கித் தின்பார்கள், தின்னட்டும்.

பேராவூரணி: தென்னைக்குப் பேர்போன ஊர் எங்களுடையது. கஜா புயலில் விழுந்தது போக மிச்சமும், அப்புறம் வைத்ததும் காய்க்கிறது. தேங்காயைக் குறைக்கச் சொல்லாதீர்கள்!

குறைக்கச் சொல்லவில்லை, இடம் பார்த்துப் போடச் சொல்கிறேன். ஒரே சாப்பாட்டில் குழம்புக்கும் கூட்டுக்கும் அரைத்துவிட்டு, பொரியலுக்கும் தூவினால் எதிலும் தேங்காய் ருசி தெரியாது, கொழுப்பு மட்டும் சேரும். தேங்காயில் இருப்பது பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பு. ஏதாவது ஒன்றில் நன்றாகப் போடுங்கள், மற்றதில் விட்டுவிடுங்கள். கூட்டு வைக்கிற அன்றைக்குப் பொரியலில் எள்ளுப்பொடி தூவலாம். கொழுப்பே இல்லாமலும் செய்யாதீர்கள், பறங்கிக்காயிலும் கீரையிலும் இருக்கிற பீட்டா கரோட்டின் உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும்.

நாகப்பட்டினம்: உப்பு எவ்வளவு?

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் எல்லாம் அதற்குள் அடக்கம். கணக்குப் போட்டால் வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் தினசரிக்கு ஆகாது என்பது தெரியும்.

பாபநாசம்: சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு வாழைத்தண்டு நல்லதுதானே?

என்னிடம் கேட்காதீர்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் கட்டுப்பாடு இருக்கும், கீரையும் வாழைத்தண்டும்கூட அளவு பார்த்துத்தான். டாக்டரையோ உணவு ஆலோசகரையோ கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

நீடாமங்கலம்: சம்பா அறுப்புக்கு முன்னால் வயலில் தெளித்த பச்சைப்பயறு ரெண்டு மூட்டை வந்திருக்கிறது. சுண்டலைத் தவிர என்ன செய்யலாம்? சாப்பிட்டால் வயிறு உப்புகிறது என்று வீட்டில் புகார் வேறு.

வாங்கிச் சாப்பிடுகிற எங்களுக்குப் பொறாமையாக இருக்கிறது. முதலில் நன்றாகக் காயவைத்து, கொஞ்சம் வேப்பிலை போட்டுக் கட்டுங்கள். ஈரம் இருந்தால் வண்டு வரும்.

உப்புசத்துக்கு வழி: எட்டு மணி நேரம் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். துணியில் கட்டி ஒரு நாள் முளைகட்டினால் இன்னும் குறையும். சமைக்கும்போது இஞ்சி, பெருங்காயம், சீரகம் மறக்க வேண்டாம்.

முளைவிட்ட பயறோடு ஒரு ஆழாக்கு அரிசி, இஞ்சி, பச்சைமிளகாய் ஊறவைத்து அரைத்து, வெங்காயமும் முருங்கைக்கீரையும் போட்டு அடையாக ஊற்றலாம், புளிக்க வைக்க வேண்டியதில்லை. இல்லையென்றால் முளைப்பயறை ஐந்து நிமிஷம் மட்டும் ஆவியில் வைத்து, நார் எடுத்துப் பொடியாக நறுக்கிய இளம் வாழைத்தண்டு, துருவிய மாங்காய், கொத்தமல்லி சேர்த்து, கடுகு பெருங்காயம் தாளித்துக் கொட்டுங்கள். உப்பைச் சாப்பிட உட்காரும்போது போடுங்கள், முன்னாலேயே போட்டால் தண்டு தண்ணீர் விட்டுவிடும். மாங்காய் நல்ல புளிப்பாக இருந்தால் எலுமிச்சை தேவைப்படாது.