வாசகர் கேள்வி: அடுத்தவர் கட்டும் தவணை எனக்கு எப்படி வட்டியாகும்?

கேள்வி: ஈ.பி.எஃப். காசு கைக்கு வந்திருக்கிறது. நிலையான வைப்பில் போடலாமென்று இருந்தேன். நிதிக் கம்பனியில் வேலை செய்யும் மருமகன், லீசிங் கடன்களை வைத்து வெளியிடுகிற ட்ரஸ்ட் சர்ட்டிபிகேட்டில் போட்டால் வட்டி கூட என்கிறார். நம்பலாமா?
வாசகர், வெள்ளவத்தை

பதில்: மருமகன் சொல்வது பொய்யில்லை ஐயா, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார். ஒரு நிதிக் கம்பனி ஆயிரம் ஓட்டோக்களுக்கு லீசிங் கொடுத்துவிட்டு, நாலு வருடம் மாதாமாதம் தவணை வரட்டுமென்று காத்திருக்காமல், வரப்போகிற அந்தக் காசை ஒரே கட்டாக இன்றைக்கே ஒரு ட்ரஸ்டுக்கு, அதாவது முதலீட்டாளர்களுக்காக அதைத் தனியே வைத்திருக்கும் நம்பிக்கைப் பொறுப்புக்கு, விற்றுவிடுகிறது. ட்ரஸ்ட் அதை வைத்துச் சர்ட்டிபிகேட் வெளியிடும். நீங்கள் கொடுக்கிற காசு கம்பனிக்குப் போகும், அதை வைத்து அது புதிதாக லீசிங் கொடுக்கும். தவணையை அதே கம்பனிதான் தொடர்ந்து வசூலித்து, ட்ரஸ்ட் வழியாக உங்களுக்கு அனுப்பும்.

கட்டாதவர்கள் இருப்பார்களே? அதற்காகத்தான் 100 இலட்சத்துக்குச் சர்ட்டிபிகேட் விற்றால் 125 இலட்சத் தவணையை உள்ளே வைப்பது போன்ற ஏற்பாடுகள். ஒருவருக்குக் காய்ச்சல், இன்னொருவருக்கு விபத்து என்றால் அந்த மேலதிகம் தாங்கும். ஆனால் 2022ஐ நினைத்துப் பாருங்கள். பெற்றோல் ஷெட் வரிசையில் நாட்கணக்கில் நின்று, பிறகு கியூஆர் முறை வந்தும் ஓட்டோவுக்கு முதலில் வாரத்துக்கு 5 லீற்றர்தான் கிடைத்தது. அதில் ஓடி உழைத்துத் தவணை கட்டுவது எப்படி? ஆயிரம் பேரும் ஒரே காரணத்தால் ஒரே நேரத்தில் முடங்கினால், ஆயிரம் கடன்களை ஒரே கட்டாகச் சேர்த்ததில் பெரிய பாதுகாப்பு இல்லை. மறுபக்கம், 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதால் பழைய வாகனங்களின் விலை ஏறிக் கிடந்தது, பறிமுதல் செய்த வண்டியும் நல்ல விலைக்குப் போகக்கூடிய காலம் அது. 2025இல் இறக்குமதி திரும்பவும் திறந்தாயிற்று, அந்த விலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

இன்னொன்று, வங்கியிலோ நிதிக் கம்பனியிலோ போடும் வைப்புக்கு 11 இலட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்புறுதி உண்டு, இந்தச் சர்ட்டிபிகேட்டுக்கு அது கிடையாது. ஓய்வுக்காலக் காசு முழுவதையும் இதில் போட வேண்டாம். கொஞ்சம் போடுவதானால், கட்டுக்குள் என்ன வாகனங்கள், கடன்காரர் முற்பணம் எவ்வளவு கட்டினார், இதுவரை எத்தனை மாதம் ஒழுங்காகக் கட்டினார் என்ற விபரங்களை எழுத்தில் கேளுங்கள். கம்பனி விழுந்தால் தவணையை யார் வசூலிப்பார் என்பதையும் கேளுங்கள், மருமகன் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.

கேள்வி: கடனட்டை, படிப்புக் கடன், நகை அடகு எல்லாவற்றையும் இப்படிக் கட்டி விற்கலாமா?
வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: விற்கலாம், ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். அமெரிக்காவில் 1985இல் ஸ்பெரி என்ற கணினிக் கம்பனியின் குத்தகை வரவுகளில் தொடங்கி, உடனேயே கார்க் கடனும், அப்புறம் கடனட்டையும் வந்தன. கார்க் கடன் சுலபம், கடனாக வாங்கிய முதல் தொகை மாதாமாதம் குறைந்துகொண்டே வந்து ஒரு திகதியில் முடிந்துவிடும். கடனட்டைதான் சிக்கல். இந்த மாதம் ஒருவர் முழுதாகக் கட்டிவிடுவார், அடுத்த மாதம் திரும்பவும் தேய்ப்பார், அப்படிப்பட்ட கடனை வைத்து ஐந்து வருடப் பத்திரம் எப்படி வெளியிடுவது? சில வருடங்களுக்கு முதலீட்டாளருக்கு வட்டி மட்டும் கொடுத்து, திரும்பி வருகிற முதல் தொகையில் புதிய அட்டைக் கடன்களை வாங்கிக் கடன் கட்டை நிரப்பிக்கொண்டே இருப்பார்கள், கடைசியில்தான் முதல் தொகையைத் திருப்புவார்கள். கட்டாதவர் தொகை ஒரு எல்லையைத் தாண்டினால் அந்த நிரப்பலை நிறுத்தி, வருகிற காசையெல்லாம் உடனே முதலீட்டாளருக்குக் கொடுக்க வேண்டுமென்று ஒப்பந்தத்திலேயே இருக்கும். அட்டைக்குப் பின்னால் பறிமுதல் செய்ய ஒரு பொருளும் இல்லாததால் இந்த நிபந்தனைதான் உயிர்.

படிப்புக் கடனில் மாணவர் படித்து முடிக்கும்வரை தவணையே வராது, அதனால் அதன் பத்திரங்கள் நீண்டகாலத்துக்கு இழுபடும். அமெரிக்காவில் 2010 வரை அரச உத்தரவாதத்தோடு வங்கிகள் கொடுத்த படிப்புக் கடன்கள் இருந்ததால் அவற்றை விற்பது எளிதாக இருந்தது. நகை அடகு குறுகிய காலக் கடன், செட்டியார் தெருவில் தங்கம் விலை இறங்கினால் அடகின் பலமும் இறங்கும்.

கேள்வி: என் ஓட்டோ லீசிங்கை இப்படி விற்றிருந்தால் எனக்கு ஏதாவது மாறுமா?
வாசகர், வத்தளை

பதில்: தவணைத் தொகை, வட்டி, திகதி ஒன்றும் மாறாது தம்பி, கட்டுகிற இடமும் பெரும்பாலும் அதேதான். கஷ்டம் வந்து தவணையை மாற்றித் தரச் சொல்லும்போதுதான் வித்தியாசம் தெரியலாம், கம்பனி தன் விருப்பத்துக்கு விட்டுக்கொடுக்க முடியாமல் ட்ரஸ்ட் ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே தவணை தவறுவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். "உங்கள் கடனை நாங்கள் வாங்கிவிட்டோம், இனி எங்களிடம் கட்டுங்கள்" என்று யாராவது வந்தால், லீசிங் கம்பனியின் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.