கால்நடை கேள்வி பதில்: வண்டியில் ஏற மறுக்கும் மாடு

கேள்வி: சந்தைக்குக் கொண்டுபோக டாட்டா ஏஸில் ஏற்றும்போது எங்கள் மாடுகள் அடம்பிடிக்கின்றன. வாலை முறுக்கித்தான் ஏற்றுகிறோம். டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதற்கு வழி சொல்லியிருக்கிறாராமே, நமக்கும் உதவுமா? (வாசகர், தேவகோட்டை)

பதில்: நிச்சயம் உதவும். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியரான கிராண்டின், 1970-களில் அரிசோனாவில் மாடு நடக்கும் தடத்துக்குள்ளேயே இறங்கி, அதன் கண் மட்டத்துக்குக் குனிந்து பார்த்தார். ஆடும் சங்கிலி, வேலியில் தொங்கும் சட்டை, தரையில் விழும் நிழல் ஆகியவைதான் மாட்டை நிறுத்துகின்றன என்று கண்டார். கம்பை எடுக்கும் முன் நீங்களும் அப்படிப் பாருங்கள். படபடக்கும் தார்ப்பாயை இறுக்கிக் கட்டுங்கள். வெயிலில் நிற்கும் மாடு இருட்டான வண்டிக்குள் கால் வைக்காது. தார்ப்பாயின் முன்பக்கத்தைத் தூக்கி உள்ளே வெளிச்சம் விடுங்கள்.

அடுத்தது சரிவு. 20 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. வண்டித் தட்டு இரண்டரை அடி உயரம் என்றால் பலகை ஏழரை அடியாவது இருக்க வேண்டும். நாலடிப் பலகையைச் சாய்த்துவிட்டு மாட்டைக் குறை சொல்வதுதான் பல இடங்களில் நடக்கிறது. பலகையில் 8 அங்குலத்துக்கு ஒரு குறுக்குச் சட்டம் அடியுங்கள். அடிக்கடி ஏற்றுபவர்கள் செம்புறாங்கல்லில் மேடையே கட்டிவிடலாம்: படி உயரம் 4 அங்குலத்துக்குள், அகலம் ஓரடி, மொத்தம் எட்டுப் படி. வண்டியின் தகரத் தளத்தில் வெறும் வைக்கோல் போட்டால் குளம்பு வழுக்கும். ஒருமுறை சறுக்கிய மாடு மறுமுறை ஏறப் பயப்படும். அடியில் மணல் பரப்பி, மேலே வைக்கோல் போடுங்கள்.

ஆள் நிற்கும் இடமும் முக்கியம். மாட்டுக்கு நேர் பின்னால் கண் தெரியாது. அங்கே நின்றால் உதை விழும். பக்கவாட்டில், தலைப்பக்கமிருந்து வால்பக்கமாக நடங்கள். நீங்கள் அதன் தோளைத் தாண்டியதும் மாடு முன்னே நகரும். எவ்வளவு நெருங்கலாம் என்பது பழக்கத்தைப் பொறுத்தது. வீட்டில் கட்டி வளர்த்த பசு ஒட்டி நின்றாலும் அசையாது. கிடையில் வளர்ந்த புலிக்குளம் மாடு தூரத்திலேயே விலகும். அதை மேலும் நெருக்கினால் திரும்பிப் பாயும். மிரண்டுவிட்டால் 20, 30 நிமிடம் விட்டுவிடுங்கள். அதற்குள் வற்புறுத்துவது வீண்.

கிராண்டின் வடிவமைத்த வளைந்த நடைதடம் பெரிய மந்தைக்கானது. இரண்டு மாட்டுக்காக அதில் பணம் போட வேண்டாம்.

கேள்வி: மாடு வேதனைப்படுவதை அளக்க முடியுமா? (வாசகி, காரைக்குடி)

பதில்: எண்ணிப் பார்க்கலாம். இறைச்சிக்கூடங்களுக்குக் கிராண்டின் வகுத்த அளவுகோலில், நகர்த்தும்போதும் அடைக்கும்போதும் 100 மாடுகளில் கத்துபவை 3-க்குள், கீழே விழுபவை 1-க்குள் இருக்க வேண்டும். 1999-இல் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் தனக்கு இறைச்சி தரும் கூடங்களை இப்படித்தான் தணிக்கை செய்யத் தொடங்கியது. 'நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறோம்' என்ற வாய்ப்பேச்சு அங்கே எடுபடாது. சந்தையில் ஏற்றி இறக்கும் இடத்திலும் ஒரு தாளும் பேனாவும் இருந்தால் இதைச் செய்யலாம்.

கேள்வி: புதிதாக வாங்கிய ஒற்றை ஆடு இரவெல்லாம் கத்துகிறது. (வாசகர், கல்லல்)

பதில்: மந்தையைப் பிரிந்த பயம்தான். வேறு ஆடு கண்ணில் படும்படி கட்டுங்கள்; முடிந்தால் இரண்டாக வாங்குங்கள். அப்படியும் கத்தல் நிற்காமல் தீவனத்தையும் ஒதுக்கினால், அது நோயாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.