பல வருடம் எழுத்துரு வரைந்தவருக்கு ஆராய்ச்சிப் பட்டம் எதற்கு?

பல வருடமாக எழுத்துரு வரைபவர், முதுநிலை ஆராய்ச்சிப் படிப்பில் புதிதாக என்ன கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரையக் கற்றுத்தருவார்கள் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். அதற்கு ஹேக் நகரக் கலைக்கல்லூரியின் டைப்மீடியா போன்ற செய்முறைப் படிப்புகள் இருக்கின்றன. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் எழுத்துரு வடிவமைப்புக்கு எம்.ஏ. தனி, எம்.ரெஸ். என்ற முதுநிலை ஆராய்ச்சிப் பட்டம் தனி. இரண்டாவது, தொழிலில் ஊறியவர்களுக்கானது. ஆய்வும் எழுத்தும்தான் அதில் பிரதானம்.

ஆய்வு என்றால் என்ன மாதிரி? உருகிய உலோகத்தில் எழுத்துகளை வரி வரியாக வார்த்த பழைய அச்சுக்கோப்பு இயந்திரமான லைனோடைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே பித்தளை அச்சில் நேர் வடிவமும் சாய்வு வடிவமும் சேர்ந்தே இருந்தன. அதனால் இரண்டுக்கும் ஒரே அகலம். இயல்பாக ஒடுங்கி நிற்க வேண்டிய சாய்வெழுத்து விரிந்து போனது அப்படித்தான். இது தெரியாமல் பழைய எழுத்துருவை டிஜிட்டலுக்குக் கொண்டுவருபவர், இயந்திரத்தின் கட்டாயத்தை வடிவமைப்பாளரின் ரசனை என்று நினைத்து அப்படியே நகலெடுத்துவிடுவார். எது கட்டாயம், எது தேர்வு என்று பிரித்துச் சொல்ல மூல வரைபடங்களையும் கடிதங்களையும் புரட்ட வேண்டும். ரெடிங்கில் ஐரோப்பியமல்லாத எழுத்துகளுக்கான லைனோடைப் வரைபடங்களே பெரிய தொகுப்பாக இருக்கின்றன. என்னைக் கேட்டால், கட்டணம் கட்டுவதே இப்படிப்பட்ட ஆவணப் பெட்டிகளைத் திறந்து பார்க்கத்தான்.

அப்புறம், விண்ணப்பத்தில் 'இந்திய எழுத்துகளின் வரலாறு' என்று பரப்பி எழுதாதீர்கள். ஒரு எழுத்துரு, ஒரு இயந்திரம், ஒரு பத்தாண்டு என்று சுருக்குங்கள். வேலை தேடித்தான் படிக்கிறீர்கள் என்றால், அந்தப் பணத்துக்கும் நேரத்துக்கும் ஒரு எழுத்துருவை வெளியிட்டுவிடலாம்.