பைக் பராமரிப்பை வைத்துப் பிள்ளைக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லித் தர முடியுமா?

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தாராளமாக முடியும். வீட்டில் நிற்கும் பைக் ஒன்றே போதும்.

உருளையின் கன அளவில் தொடங்குங்கள். 97.2 சிசி (கன செ.மீ.) ஹீரோ ஸ்பிளெண்டரில் சிலிண்டர் விட்டம் 50 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 49.5 மி.மீ. ஆரம் 2.5 செ.மீ., உயரம் 4.95 செ.மீ. என்று π × ஆரம்² × உயரம் என்ற சூத்திரத்தில் போட்டால் அந்த 97.2 அப்படியே வரும். மி.மீ.யை மாற்ற மறந்தால் விடை ஆயிரம் மடங்கு பெருகும். அந்தத் தவறைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும், அலகு மாற்றம் அதற்குப் பிறகு மறக்காது.

அடுத்து ஆயில் மாற்றும் போல்ட். விசையின் திருப்புத்திறனுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. 20 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் 100 நியூட்டன், அதாவது சுமார் 10 கிலோ எடை அளவு அழுத்தினால் 20 நியூட்டன் மீட்டர். பைப் மாட்டி நீளத்தை 40 செ.மீ. ஆக்கினால், அதே அழுத்தத்துக்கு 40. எஃகு போல்ட் தாங்கும். அது பொருந்தும் அலுமினிய எஞ்சின் உறையின் மரை உரிந்து ஆயில் கசியும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதைச் சர்வீஸ் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

விகிதத்துக்குச் செயின் பற்சக்கரங்கள்: முன்னே 14 பல், பின்னே 42 என்றால் 3:1. எண்ணும்போது எஞ்சின் அணைந்து, வண்டி நியூட்ரலில் இருக்க வேண்டும், சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். ஓடும் செயினில் துணி சிக்கினால் விரல் போய்விடும்.

பேட்டரியில் எதிர்முனையை முதலில் கழற்றுங்கள். அது வண்டியின் இரும்புச் சட்டத்தோடு இணைந்திருப்பதால், அதைக் கழற்றாதபோது நேர்முனையில் இருக்கும் ஸ்பேனர் சட்டத்தைத் தொட்டால் ஷார்ட் ஆகும்.