டாக்டர்ட்ட காட்டாமலே "எனக்கு ஆட்டிசம் இருக்கு"ன்னு சொல்லிக்கலாமா?

உங்களுக்கு நீங்களே சொல்லிக்கிறதுல தப்பில்லங்க, என்கிட்டயும் டாக்டர் குடுத்த பேப்பர் கிடையாது. மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல ஏர்ஹாரன் அடிச்சா காதப் பொத்திக்கிட்டு நிப்பேன், சித்திரைத் திருவிழால அழகர் எதிர்சேவை அன்னிக்கு வீட்ட விட்டே இறங்க மாட்டேன், அம்மா "கூச்ச சுபாவம்"னு சொல்லியே 30 வருஷம் ஓட்டிட்டாங்க.

ஆனா சத்தம் ஆகலங்கிறது மட்டும் ஆட்டிசம் இல்ல, ஏடிஹெச்டி (கவனம் நிக்காம துறுதுறுன்னு இருக்கிற பிரச்சனை), பதட்டம் இதுலயும் அப்படி வரும். மனநல டாக்டருங்க நோயக் கண்டுபிடிக்கப் பாக்குற, 2013ல வந்த டிஎஸ்எம்-5 கையேட்டுப் படி ஆளுங்களோட பேசிப் பழகுறதுல சிரமமும் இருக்கணும், அதோட ஒரே வழக்கத்த மாத்த முடியாம தவிக்கிறது, சத்தம் வெளிச்சம் ஒத்துக்காதது மாதிரி விஷயங்கள்ல குறைஞ்சது ரெண்டு இருக்கணும், எல்லாம் சின்ன வயசுலேர்ந்தே. நெட்ல சுத்துற ஏக்யூங்கிற 50 கேள்வி ஆட்டிசம் டெஸ்ட் வெறும் சல்லடைதான், மார்க் பாத்து பயந்துராதீங்க.

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல ஆட்டிசமும் இருக்கு, ஆனா சலுகைக்கு சர்டிபிகேட் கேப்பாங்க. காதுல பஞ்சு வச்சுக்க யார்ட்டயும் கேக்க வேணாம்.